இரண்டாவது விரல்

கம்பளிக் காலுறை மூன்று ஜோடி என்று எழுதும்போதே நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்து ‘மூன்று’ கலங்கிப்போனது. சித்திரை மாதத்து ஈரோட்டில், மின்விசிறி சுடுகாற்றை வாரி இறைக்கிற கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பனிமலைக்குச் சாமான் பட்டியல் போடுகிற மனிதனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஈஸ்வரமூர்த்திக்கும் வந்திருக்கும், மேசையின் மறு ஓரத்தில் அந்தப் படிவம் மட்டும் இல்லாதிருந்தால். அது பறக்காமல் இருக்க எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை மேலே தூக்கி வைத்திருந்தார். ஜாடிக்கு அடியிலிருந்து படிவத்தின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. எந்தப் பாதி கண்ணில் படக்கூடாதோ அந்தப் பாதி. நகர்த்தி வைக்கலாம், கை நீட்டினால் போதும். மழைச்சட்டை ஒன்று. குரங்குக்குல்லா ஒன்று. மணி இரண்டே முக்கால். மனைவி புவனா கோபியில் யார் வீட்டுக் காதுகுத்துக்கோ போயிருக்கிறாள், இருட்டித்தான் வருவாள். சென்னி ஐந்து மணிக்கு வருவான். வந்ததும் ‘போட்டுட்டயாடா கையெழுத்து?’ என்பான். சென்னி என்கிற சென்னியப்பன், ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து கூடவே வருகிறவன், நாலு வருடம் முன்புவரை ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவன். படிவம் அவனுடையது. மேல்பாதியில் டாக்டர் எழுதிவிட்டார்: மலையேறத் தகுதியானவர். கீழ்ப்பாதியில் உடன் வருகிறவர் எழுத வேண்டும்: மேற்கண்ட விவரங்கள் நான் அறிந்தவரை உண்மை. அந்த விவரங்களில் ஒன்று, முந்தைய பயணத்தில் கடைசி முகாமில் மாலை எடுத்த ஆக்சிஜன் அளவு. அந்தக் கட்டத்துக்குள் சென்னி தன் நடுங்குகிற வலது கையால் எழுதியிருந்தான்: 88. முதல் எட்டு ஒழுங்காக வந்திருந்தது. இரண்டாவது எட்டு மூடவே இல்லை. கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் என்று எழுதினார் ஈஸ்வரமூர்த்தி.

இருபத்தெட்டு வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஆள் அவர். செய்முறைத் தேர்வு நோட்டில் பையன்கள் ஊசலை ஆட்டிப் பார்க்காமலே அளவுகளை எழுதி வைத்துவிடுவார்கள். அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். நிஜமாக எடுத்த அளவு கொஞ்சம் கோணலாக இருக்கும், இட்டுக்கட்டிய அளவுதான் படு ஒழுக்கமாக வரிசையில் நிற்கும். சிவப்பு மையில் ‘திரும்பச் செய்’ என்று குறுக்கே எழுதி நோட்டை மேசைமேல் வீசுவார். அதனாலேயே அவருக்கு ‘திரும்பச்செய் வாத்தியார்’ என்று பெயர், அவர் இல்லாத நேரத்தில். நாலு வருடமாக அப்படி எழுதவே இல்லை. எல்லா நோட்டிலும் ஒரு கையெழுத்து, ஒரு தேதி, அவ்வளவுதான். சார் வயசானதும் தங்கமாயிட்டாரு என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். தங்கமாம். அந்தக் கடைசி முகாமில் அன்றைக்கு முதல் விரலுக்கு எண்பத்தொன்பது, இரண்டாவது விரலுக்கு எண்பத்தெட்டு. ஒரே உடம்புதானே, இரண்டு கைக்கும் ஒரே எண் வந்திருந்தால் அந்த வழிகாட்டிப் பையன் நின்று யோசித்திருப்பான். ஒரு புள்ளி குறைந்து கோணலாக வந்துதொலைத்தது. அவரே சொல்லிக்கொடுத்த பாடம் மாதிரி.

எல்லாம் வெள்ளியங்கிரியில் ஆரம்பித்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். பதினெட்டு வயதிலிருந்து வருடம் தவறாமல் இரண்டு பேரும் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு அந்த ஏழு மலையும் வெறுங்காலில் ஏறியவர்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பவன் இறங்கி வருகிறவனைப் பார்த்து ‘இன்னும் எவ்வளவு தூரமுங்க?’ என்று கேட்பான். ‘பக்கந்தானுங்க, வந்துருச்சு’ என்று இறங்குகிறவன் சொல்வான். இரண்டு மலை பாக்கி இருக்கும், இருந்தாலும் பக்கம்தான். நிஜத்தை யாரும் சொல்வதில்லை. சொன்னால் பாவம், அவன் திரும்பிவிடுவான். பாதி மலையில் திரும்புகிறவனுக்கு அடுத்த வருடம் வரை மனசு ஆறாது. சென்னியும் அவரும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள், பக்கந்தானுங்க, பக்கந்தானுங்க என்று. கேட்டவன் எழுந்து நடந்திருக்கிறான். போய்ச் சேர்ந்தும் இருக்கிறான். நல்லது செய்கிற பொய் என்று ஒன்று இருக்கிறது என்பதை ஈஸ்வரமூர்த்தி அங்கேதான் கற்றுக்கொண்டார். ஆனால் அங்கே பொய் சொன்னவன் கீழே போகிறவன். அவனுக்கு அதில் ஒரு லாபமும் கிடையாது. இது உறைக்க அவருக்கு நாலு வருடம் ஆயிற்றா? இல்லை, அன்றைக்கே உறைத்தது. கையுறையைத் திரும்ப மாட்டிக்கொள்ளும்போதே உறைத்தது. பட்டியலில் கையுறை இரண்டு ஜோடி என்று ஏற்கெனவே எழுதியிருந்ததைப் பார்க்காமல் இன்னொரு தரம் எழுதினார்.

உத்தரகாண்டில் நந்தசர் ஏரி. பதினாலாயிரம் அடிக்கு மேலே, நாலு நாள் ஏறிப் போக வேண்டிய இடம். வெள்ளியங்கிரி ஏறுகிறவனுக்கு அதெல்லாம் ஒரு ஏற்றமா என்றுதான் நாலு வருடம் முன்பு இரண்டு பேரும் கிளம்பினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் சென்னி வாந்தி எடுத்தான். ஆக்சிஜன் பார்க்கிற கருவியை விரலில் மாட்டிப் பார்த்தபோது எழுபத்தேழு. வழிகாட்டி பிரதாப் நல்ல பையன், கறாரானவன். மாலையில் திரும்பப் பார்ப்பேன், எண்பதுக்கு வரவில்லை என்றால் விடிந்ததும் கீழே இறங்க வேண்டும், தனியாக விடமாட்டேன், கூட வந்தவரும் சேர்ந்துதான் இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கூட வந்தவர். அந்த ஒரு சொல்லில் ஈஸ்வரமூர்த்தி பதறிப்போனார். சென்னிக்கு என்ன ஆகுமோ என்று பதறவில்லை. ஏரி கைவிட்டுப் போகிறதே என்று பதறினார். ஐந்து வருடம் சேர்த்து வைத்த ஆசை, மறுநாள் காலை நாலு மணி நேர நடையில் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்மழை சடசடவென்று கூடாரத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. சென்னி சூப்பைக்கூடக் குடிக்காமல் தூங்கிப்போயிருந்தான். கூடாரத்தின் ஜிப்பை ஒரு சாண் திறந்து, பிரதாப்பின் கை மட்டும் அந்தச் சின்னக் கருவியோடு உள்ளே வந்தது. ஹாத் தீஜியே, சார். ஈஸ்வரமூர்த்தி வலது ஆள்காட்டி விரலைக் கொடுத்தார். எண்பத்தொன்பது. அடுத்தவர், என்றது வெளியே இருந்த குரல். அடுத்தவன் குறட்டைகூட விடாமல் கிடந்தான். எழுப்ப வேண்டியதுதான். தோளைத் தொட்டு, டேய் சென்னி, கையைக் கொடு என்று சொல்ல வேண்டியதுதான். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், நாலு விநாடி? அந்த நாலு விநாடியில் அவர் இடது கையுறையைக் கழற்றினார். பல்லால் கடித்துக் கழற்றினார். அது மட்டும் ஏன் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கிறது? கம்பளி நூல் ஒன்று நாக்கில் ஒட்டிக்கொண்டது. இடது கையின் நடுவிரலை நீட்டினார். எண்பத்தெட்டு. பஹுத் அச்சா, என்று சொல்லிவிட்டு அந்தக் கை வெளியே போயிற்று. ஜிப் மூடிக்கொண்டது. சென்னி ஒருக்களித்துப் படுத்தான்.

கைப்பேசி அடித்தது. ‘கலாமணி’ என்று திரையில் வந்தது. சென்னியின் மனைவி. மூன்று தடவை அடிக்கும்வரை ஊறுகாய் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தார். ‘அண்ணா, சாப்ட்டாச்சுங்களா? அண்ணி ஊருக்குப் போயிட்டாங்களாமா, அவரு சொன்னாரு. நம்மூட்டுக்கு வந்திருக்கலாமுல்ல.’ ‘ஆச்சு தங்கச்சி, ஆச்சு.’ ‘அண்ணா, நான் சுத்தி வளைக்கலீங்க. டாக்டர் போலாம்னு எழுதிக் கொடுத்துட்டாருன்னு இவரு குதிச்சுட்டு இருக்காரு. எம்பத்தெட்டுங்கறது நல்ல அளவாமா, மலைக்கு ஒத்துக்கற உடம்புதானாமா, அன்னைக்கு வாந்தியெடுத்ததுல தண்ணி வத்திப்போயித்தான் மயக்கம் வந்திருக்குமாமா. எனக்கு டாக்டர் சொல்றதெல்லாம் வேண்டாமுங்கண்ணா. நீங்க ஒரு வார்த்தை போலாம்னு சொன்னா நான் விட்டுர்றேன். வேண்டாம்னா வேண்டாம். அன்னைக்குச் சொமந்துட்டு வந்தவரு நீங்க.’ ‘வரட்டும் தங்கச்சி, பேசிக்கறேன்.’ ‘பேசிட்டுச் சொல்லுங்க. நானே சித்த நேரங்கழிச்சுக் கூப்பிடறேன்.’ வைத்துவிட்டாள். கன்னத்தில் கைப்பேசியின் சூடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுமந்துகொண்டு வந்தவர். நிஜமாகச் சுமந்தவர்கள் பிரதாப்பும் இரண்டு சுமைக்காரர்களும். இவர் ஒரு முக்கால் மணி நேரம் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார், அழுதுகொண்டே. அதைத்தான் சென்னி ஊரெல்லாம் சொல்லிப் பரப்பிவிட்டான். அவன் பெண் கல்யாணத்தில், கலாமணிக்குக் கூடப் பிறந்தவன் இல்லை என்று, மாமன் சீர் செய்ய இவருக்குத் தலையில் உருமாலை கட்டி நிறுத்தினார்கள். சொந்தத்தில் இரண்டு பெரியப்பா மகன்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவள் கேட்கவில்லை, அண்ணன்தான் நிக்கோணும் என்றாள். அதுவரை அவளை வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து தங்கச்சி, வா போ. அந்த உருமாலை பீரோவில், புவனாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் மடித்துக் கிடக்கிறது. வேறு எதையாவது எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் சரிகை ஓரம் எட்டிப் பார்க்கும்.

முகாமில் மறுநாள் காலையில் சென்னி ஷூவைக் கால் மாற்றிப் போட்டிருந்தான். இடதை வலதில், வலதை இடதில். பிரதாப் முன்னால் போய்விட்டிருந்தான், பார்க்கவில்லை. ஈஸ்வரமூர்த்தி பார்த்தார். பார்த்துச் சிரித்தார். ‘ஏன்டா, பள்ளிக்கொடத்துக்குப் போற பையனாட்ட’ என்று சொல்லி, குனிந்து அவரே மாற்றிப் போட்டுக் கயிறு கட்டிவிட்டார். சென்னியும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. தமாஷுக்குத் தாமதமாகச் சிரிக்கிறவன் இல்லை அவன். மூளையில் நீர் கோத்தால் முதலில் இப்படித்தான் தடுமாறும் என்று பின்னால் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது தெரியாது. தெரியாதா? எழுபத்தேழு தெரியும். தூங்கியது தெரியும். சூப் குடிக்காதது தெரியும். இதற்குமேல் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், வாத்தியாரே? பாதி ஏற்றத்தில் ஒரு பாறையில் சென்னி உட்கார்ந்துவிட்டான். நீ போடா, நான் பின்னாலயே வர்றேன், பக்கந்தானே என்றான். போனார். அவன் சொல்லிவிட்டானே என்று போனார். ஏரி நிஜமாகவே அழகாக இருந்தது. அதுதான் பெரிய கொடுமை. பாதி உறைந்து, மீதி நீலமாக, ஒரு சத்தம் இல்லாமல். பன்னிரண்டு நிமிடம் நின்றார். சந்தோஷமாக நின்றார், இதையும் சொல்லிவிட வேண்டும், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. ஒரு போட்டோ எடுத்தார். இறங்கி வந்தபோது சென்னி கண்ணைத் திறந்துகொண்டே பாறையில் சரிந்து கிடந்தான். இவரைப் பார்த்து, சிக்னல் மஞ்சள்ல இருக்குது, மெதுவாப் போ, மெதுவாப் போ என்றான். இவர் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சென்னி தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான். நீ பார்த்தா நான் பார்த்த மாதிரிதான்டா என்பான். அந்த வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஏரி தெரியும். இவர் அங்கே போனால் தேடித் தேடிச் சமையலறைப் பக்கம் போய் நின்றுகொள்வார். அண்ணனுக்குப் பசி என்று கலாமணி எதையாவது தட்டில் போட்டுக்கொண்டு வருவாள். அந்தப் பயணத்துக்குப் பிறகு சென்னிக்கு வலது கை நடுக்கம் நிற்கவில்லை. பெயர்கள் சட்டென்று வராது. ரயில்காரர்களுக்கு உடம்புச் சோதனை கண்டிப்பானது. இன்ஜினில் ஏறக் கூடாது என்று மேசை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வேலைக்கு வருகிற டிரைவர்கள் குடித்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு கருவியில் ஊத வேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற வேலை. போன மாதம் வீட்டுக்கு வந்த சென்னி பொரிந்து தள்ளினான். ஒருத்தன் தனக்குப் பதிலாகக் கூட வந்தவனை ஊத வைக்கப் பார்த்தானாம். ‘எத்தனை உசுருடா பின்னால வருது? அடுத்தவன் மூச்சைக் கொடுத்துத் தப்பிச்சுக்கலாம்னு பாக்கறான். அதைவிட அந்தக் கூட்டாளி இருக்கான் பாரு, சிநேகிதம்னு ஊத வந்தவன், அவனைத்தான்டா மொதல்ல ஒதைக்கோணும்.’ ஈஸ்வரமூர்த்தி ஆமாம் என்று தலையாட்டினார். காபி ஆறிப்போச்சு என்று எழுந்து உள்ளே போனார். ஆறவில்லை, ஆவி பறந்துகொண்டிருந்தது.

மணி நாலரை. சுலபமான வழி ஒன்று இருந்தது. மத்தியானத்திலிருந்தே அதைச் சுற்றித்தான் மனசு வந்துகொண்டிருந்தது. எனக்கு முட்டி வலி, நான் வரவில்லை என்று சொல்லிவிடுவது. முட்டி வலி பொய்கூட இல்லை, மாடி ஏறினால் வலிக்கத்தான் செய்கிறது. நான் வராவிட்டால் அவனும் போகமாட்டான். படிவம் குப்பைக்குப் போகும். கலாமணி நிம்மதியாக இருப்பாள். உருமாலை பீரோவில் இருக்கும். எவ்வளவு அழகாக வரிசையில் நிற்கிறது பார், என்று நினைத்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது, இதுவும் இட்டுக்கட்டிய அளவுதான். சென்னி போவான். இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம், இவர் இல்லாவிட்டால் வேறு கூட்டத்தோடு. அந்த 88-ஐச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவான், தன் உடம்பு நல்ல உடம்பு என்று நம்பிக்கொண்டு. டாக்டர்கள் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். பாறையில் உட்காருவான். முன்னால் போகிறவனிடம், பக்கந்தானே என்பான். ஈஸ்வரமூர்த்தி பட்டியல் தாளை எடுத்து நாலாக மடித்தார். மடித்ததைப் பிரித்தார். பயமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ஆறாம் வகுப்பில் கூட உட்கார்ந்தவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

சென்னி கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டான். வாசற்படியில் உட்கார்ந்து, ஷூவின் கயிறுகளை இழுத்துத் தளர்த்திக் கழற்றினான். ‘புதுசுடா. காலுக்குப் பழக்கோணும்ல. ஒரு வாரமாச் சந்தைக்கும் இதுதான், கோயிலுக்கும் இதுதான். எல்லாரும் சிரிக்கறாங்க.’ உள்ளே எடுத்து வந்து, ஷூவின் நாக்கை மடித்துக் காட்டினான். ஒன்றில் கறுப்பு மையால் ‘இ’, மற்றதில் ‘வ’. ‘இந்தத் தடவை மாத்திப் போட மாட்டேன் பாரு’ என்று அவனே சிரித்தான். ஈஸ்வரமூர்த்தி மத்தியானமெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. ‘கையெழுத்துப் போட்டுட்டயாடா?’ என்றான் சென்னி.

‘அந்த எம்பத்தெட்டு உன்னுதில்லைடா.’

‘பின்ன?’

‘என்னுது. ரெண்டு வெரலும் என்னுது. நீ தூங்கிட்டு இருந்தே. உனக்கு மத்தியானம் எளுவத்தேழு, அதுக்கப்பறம் உனக்குப் பாக்கவே இல்லை.’

சென்னிக்கு எதுவும் உள்ளே போகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் இப்போது. காத்திருக்க வேண்டும். சென்னி ஊறுகாய் ஜாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, படிவத்தில் தான் எழுதிய எண்ணைப் பார்த்தான். ‘எழுப்பியிருக்கலாமே’ என்றான்.

‘எழுப்பியிருந்தா எறங்கோணும். நானும் சேர்ந்து.’

‘ஏரிக்கா?’

‘ஏரிக்குத்தான்.’

திட்டுவான் என்று நினைத்தார். அடித்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சென்னி தன் வலது கையை மேசைமேல் வைத்து, அது நடுங்குவதை யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தான். ‘நாலு வருசமா என்ற உடம்பைத்தான்டா திட்டிட்டு இருந்தேன்’ என்றான். ‘நல்லா இருந்த ஒடம்பு, எம்பத்தெட்டு காட்டின ஒடம்பு, என்னை மோசம் பண்ணிப்போடுச்சேன்னு.’ அவ்வளவுதான் சொன்னான். படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஷூவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். ஈஸ்வரமூர்த்தி பின்னாலேயே போய், நாலு வருடப் பழக்கத்தில், கயிறு கட்டிவிட முட்டி போட்டுக் குனிந்தார். கூட இருக்கும்போதெல்லாம் அவர்தான் கட்டிவிடுவார். சென்னியின் கைக்குக் கயிறு அடங்காது. சென்னி காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டான். பிறகு தானே குனிந்து கட்டத் தொடங்கினான். கயிறு வளையத்துக்குள் போவதற்குள் கை நழுவிற்று. திரும்பவும் முதலிலிருந்து. ஈஸ்வரமூர்த்தி எழுந்து நின்றார். உதவவும் முடியாது, உள்ளே போகவும் முடியாது. இரண்டாவது தடவையும் நழுவிற்று.

கூடத்தில் கைப்பேசி அடித்தது. யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும். ‘எடு’ என்றான் சென்னி, நிமிராமல். ‘எங்கிட்டச் சொன்னதை அவகிட்டயும் நீயே சொல்லு.’

ஈஸ்வரமூர்த்தி எடுத்துக்கொண்டு வாசலுக்கே திரும்பி வந்து நின்றார். ‘பேசுனீங்களாண்ணா?’ என்றாள் கலாமணி. ‘போலாமுங்களா?’ சென்னி மூன்றாவது தடவையாகக் கயிற்றைப் பிடித்திருந்தான். ஈஸ்வரமூர்த்திக்கு வாய் வரை தங்கச்சி என்று வந்தது. ‘சொல்றனுங்க,’ என்றார். ‘கேளுங்க, கலாமணி.’